பொன்னியா, மாப்பிள்ளைச் சம்பாவா, வரகா: டெல்டா வீட்டு இலைக்கு எது சரி?

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரம், வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடினார்கள்: “சோத்தை விட்டுருங்க மாமா, சிறுதானியத்துக்கு மாறிடுங்க.” மன்னார்குடிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நெல் போடுகிற குடும்பம் எங்களுடையது. சோற்றை விடு என்றால் அவர் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிடுவார். அதன் பிறகு எங்கள் அடுப்பில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். அதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பட்டை தீட்டிய வெள்ளைப் பொன்னி. சாதம் மல்லிகைப்பூ மாதிரி இருக்கும், சீக்கிரம் வேகும், வயிற்றுக்கும் லேசு. அந்த லேசுதான் சிக்கல்: சட்டென்று செரித்து ரத்தத்தில் சர்க்கரையாக ஏறிவிடுகிறது. 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், தினம் 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குள் நிறுத்தியவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. தெற்காசியாவில் அந்த வித்தியாசம் 61%. நம் ஊரில் ஒரு மத்தியானச் சாப்பாட்டிலேயே 450 கிராம் இலைக்கு வந்துவிடும்.

புழுங்கல் அரிசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் அது முழுதாகப் போவதில்லை. 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் 0.05 மில்லிகிராம், புழுங்கலில் 0.17, தீட்டாத அரிசியில் 0.27. ஜாவாவில் 1890-களில் ஐக்மேன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிட்டோடு கொடுத்தால் எழுந்து நடப்பதையும் பார்த்தார். அந்தச் சத்துதான் இது. நாம் மில்லில் பிரித்து மாட்டுக்கு வைக்கிற தவிடு!

இப்போது மாப்பிள்ளைச் சம்பா, தீட்டாதது. இதை முதல் நாள் சமைத்தபோது அம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பொன்னிக்கு வைக்கிற மாதிரி வைத்தார், அரிசி அரிசியாகவே நின்றது. ராத்திரியே ஊறப்போட்டு, தண்ணீரும் விசிலும் கூட்டி வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. வெந்த சோற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பருக்கையும் நடுவில் வெடித்து, உள்ளே வெண்மையும் வெளியே செம்மண் நிறத் தோலுமாக இருக்கும். வடிகஞ்சிகூடச் சிவப்புதான். மென்றுதான் விழுங்க முடியும் என்பதால் அப்பா வழக்கமாக உண்பதில் முக்கால் பங்கிலேயே போதும் என்று கை கழுவினார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் ஜெயராமன் போன்றவர்கள் இந்தப் பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் தேடிக் காப்பாற்றிக் கொடுத்ததால்தான் இன்று நம் கைக்கு இது கிடைக்கிறது.

ஆனால் இதை மருந்து மாதிரி நம்பிவிடக் கூடாது. 100 கிராம் வெள்ளைப் பச்சரிசியில் நார்ச்சத்து 2.8 கிராம், தீட்டாத அரிசியில் 4.4 கிராம். வித்தியாசம் அவ்வளவுதான். முழுப் பச்சைப்பயறில் 17 கிராம், தோலோடு இருக்கும் கறுப்பு உளுந்தில் 20 கிராம். தோல் நீக்கிய வெள்ளை உளுந்தில் அது 12-க்கு இறங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரிசியை மட்டும் மாற்றி அந்தக் கணக்கை எட்ட முடியாது. பக்கத்தில் ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு பிடி முருங்கைக்கீரை, கொஞ்சம் வாழைத்தண்டுப் பொரியல் வந்தால் எட்டலாம்.

பயறுக்கு நாம் வெளியே போகவும் வேண்டாம். தையில் சம்பா அறுப்பதற்கு ஏழு, பத்து நாள் முன்னாடியே, நிற்கிற கதிருக்குள் ஈரச் சேற்றில் உளுந்தும் பயறும் தெளிக்கிறோமே, அதுதான். அறுப்புக்குப் பிறகு பனியிலும் மிச்ச ஈரத்திலும் தானே வளரும். அதை மூட்டையோடு விற்றுவிட்டு, கடையில் தோல் நீக்கிய பருப்பு வாங்கிச் சாப்பிடுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

வரகு, குதிரைவாலி நல்லவைதான். ஆனால் கடையில் வெள்ளை வெளேரென்று விற்பது பெரும்பாலும் தீட்டியது, அதில் பெயர்தான் சிறுதானியம். கம்பையும் கேழ்வரகையும் மாவாக்கிக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும், களியாகவோ அடையாகவோ சாப்பிடுவது மேல். டெல்டாவில் விளையாததை விலை கொடுத்து வாங்கி, பிடிக்காமல் மூன்றாம் வாரம் நிறுத்துவதைவிட, வாரம் இரண்டு நாள் வைத்துக்கொள்வது நடக்கிற காரியம்.

என் ஓட்டு மத்தியானத்துக்குக் குறைந்த அளவு தீட்டாத சம்பா, கூடவே முழுப்பயறு, இலையில் பாதி கீரையும் காயும். பாலும் முட்டையும் இல்லாமல் முழுக்கத் தாவர உணவுக்குப் போகிறவர்கள் பி12 மாத்திரைக்கு மருத்துவரைக் கேட்க வேண்டும், பழைய சோறு அதைத் தரும் என்று நம்பி இருக்கக் கூடாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

மில்லுக்குப் போகிறவர்களுக்கு: பழைய ஹல்லர் அரவை இயந்திரத்தில் உமியும் தவிடும் சேர்ந்தே போய்விடும். ரப்பர் உருளையால் உமியை மட்டும் உரிக்கிற ரப்பர் ரோல் ஷெல்லர் இருக்கிற மில்லாகப் பார்த்து, “உமியை மட்டும் எடுங்க, பாலிஷ் வேண்டாம்” என்று பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இந்த அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் வரும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள், மீதி நெல்லாகவே குதிரில் கிடக்கட்டும்.