ஃப்ரீமான்ட்டா, ஹாம்ட்ராமிக்கா: கார் ஆலையில் தரம் எங்கிருந்து வருகிறது?

கார் ஆலையில் தரம் உயர வேண்டுமானால் ரோபோக்களைக் கூட்ட வேண்டுமா, ஆட்களை நம்ப வேண்டுமா? இந்த விவாதம் எழும்போதெல்லாம் எனக்கு ஜெனரல் மோட்டார்ஸ்தான் நினைவுக்கு வரும். 1980களில் அந்த நிறுவனம் இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில், தன் சொந்தப் பணத்தில் சோதித்துப் பார்த்தது. விடையும் கிடைத்தது. கிடைத்த விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அதற்குத் தெரியவில்லை.

ஒரு சோதனை கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் நடந்தது. மற்றது மிச்சிகனில், டெட்ராய்ட்டும் ஹாம்ட்ராமிக்கும் சந்திக்கும் இடத்தில். இவற்றோடு சுவீடனின் உத்தெவாலாவில் இருந்த வோல்வோ ஆலையையும், பிற்காலத்தில் ஃப்ரீமான்ட் கட்டடத்திற்கே குடிவந்த டெஸ்லாவையும் சேர்த்துப் பார்க்கலாம். நான்கிற்கும் சம இடம் கொடுக்கப்போவதில்லை. சொல்வதற்கு அதிகம் இருப்பது ஃப்ரீமான்ட்டில்தான்.

ஹாம்ட்ராமிக்: பணம் போட்டு வாங்கிய எதிர்காலம்

1981இல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரான ரோஜர் ஸ்மித், ஜப்பானியப் போட்டியைத் தொழில்நுட்பத்தால் தாண்டிவிடலாம் என்று நம்பினார். 1982இல் ஜப்பானின் ஃபானுக் நிறுவனத்தோடு சேர்ந்து ரோபோ தயாரிக்கும் கூட்டு நிறுவனம் தொடங்கினார். 1984இல் கணினிச் சேவை நிறுவனமான ஈடிஎஸ்ஸையும், அடுத்த ஆண்டு பாதுகாப்புத் துறை மின்னணு நிறுவனமான ஹியூஸ் ஏர்கிராஃப்ட்டையும் வாங்கினார். இந்தக் கனவின் காட்சிக்கூடமாக 1985இல் ஹாம்ட்ராமிக் ஆலை திறக்கப்பட்டது. அதற்காகப் போல்டவுன் என்ற குடியிருப்பே இடிக்கப்பட்டு, நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தனியார் ஆலைக்காக அரசு நிலம் எடுக்கலாம் என்று 1981இல் சொன்ன மிச்சிகன் உச்ச நீதிமன்றம், அந்தத் தீர்ப்பு தவறு என்று 2004இல் சொன்னது. இடித்த வீடுகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆலைக்குள் 260 ரோபோக்கள். உதிரிபாகங்களைச் சுமந்துகொண்டு தாமாகவே ஓடும் வண்டிகள் வேறு. முதல் மாதங்களில் நடந்தவை இன்றும் தொழிற்சாலைப் பொறியாளர்கள் சிரித்துச் சொல்லும் கதைகளாக இருக்கின்றன. பெயின்ட் ரோபோக்கள் காரை விட்டுவிட்டு ஒன்றின்மேல் ஒன்று அடித்துக்கொண்டன. வேறு சில காரின் உடலில் மோதி நசுக்கின. தானியங்கி வண்டிகள் நடுவழியில் அப்படியே நின்றன. ஒரு ரோபோ நின்றால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் நின்றது. அதை மீண்டும் ஓட்டத் தெரிந்தவர், கார் நகர்ந்தபடியே பொருத்தப்படும் வரிசையில் இருக்கும் தொழிலாளி அல்லர், எங்கிருந்தோ வரவேண்டிய தொழில்நுட்பர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதிய இயந்திரம் முதல் வருடம் தகராறு செய்வது எங்கும் நடப்பதுதான். இங்கே சிக்கல் வேறு. இயந்திரம் தவறு செய்தபோது, அதைத் திருத்தும் அறிவு இயந்திரத்தின் அருகில் நின்றவரிடம் வேண்டுமென்றே வைக்கப்படவில்லை. அந்த ஆளை நம்ப முடியாது என்பதால்தானே ரோபோவே வாங்கினார்கள்!

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் காலத்தில் உலகெங்கும் கார் ஆலைகளை அளந்தபோது இது எண்ணிக்கையாகவே தெரிந்தது. நிர்வாகம் சரியில்லாத ஆலையில் ரோபோவைக் கொண்டுவந்து நிறுத்தினால், வரிசையில் குறையும் ஆட்களுக்கு ஏறக்குறைய ஈடாகப் பராமரிப்பிலும் பழுதுபார்ப்பிலும் ஆட்கள் கூடிவிடுகிறார்கள்.

ஃப்ரீமான்ட்: அதே கட்டடம், அதே ஆட்கள்

1960களின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட ஃப்ரீமான்ட் ஆலைக்கு ஜெனரல் மோட்டார்ஸிலேயே கெட்ட பெயர். ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராமல் இருப்பது வழக்கம். திங்கட்கிழமை காலையில் வரிசையைத் தொடங்கவே ஆள் தேற மாட்டார்கள். ஆலைக்குள் குடியும் சூதாட்டமும் நடந்தன. தொழிற்சங்கம் கொடுத்த புகார்கள் ஆயிரக்கணக்கில் தீர்வில்லாமல் குவிந்துகிடந்தன. நிர்வாகத்தின்மேல் உள்ள கோபத்தில் கதவுத் தகட்டிற்குள் காலிப் போத்தலைப் போட்டு மூடிவிடுவோம், வாங்கியவர் ஓட்டும்போது கடகடவென்று சத்தம் வரும் என்று அங்கே வேலை செய்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

இத்தனை ஒழுங்கீனத்திற்கு நடுவிலும் ஒரே ஒரு விதியை மட்டும் யாரும் மீறக்கூடாது: வரிசை நிற்கக்கூடாது. போல்ட் தவறாக ஏறியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் கார் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கடைசியில் முற்றத்தில் நிறுத்தி, பிரித்துச் சரிசெய்வார்கள். செய்தால் உண்டு.

1982 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. பிறகு ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டுச் சேர்ந்தன. நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபேக்சரிங், சுருக்கமாக நம்மி, என்ற பெயரில் 1984 டிசம்பரில் அதே கட்டடத்தில் கார் வெளிவரத் தொடங்கியது. நிர்வாகம் டொயோட்டா கையில். தொழிலாளர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் மேலே சொன்ன அதே ஆட்கள், அதே சங்கத்தின் உறுப்பினர்கள். நானூறுக்கும் மேற்பட்டோரைக் குழு குழுவாக ஜப்பானுக்கு, டொயோட்டாவின் தக்காவோகா ஆலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள்.

அங்கே அவர்களை அசர வைத்தது ஒரு கயிறு. வேலை செய்யும் ஒவ்வொருவரின் தலைக்கு மேலும் அது ஓடும். ஏதாவது தவறினால் இழுக்கலாம். இழுத்தவுடன் விளக்கு எரிந்து ஒரு மெட்டு ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார். அந்தக் கார் அடுத்த இடத்தைத் தொடுவதற்குள் சரியாகாவிட்டால் வரிசையே நின்றுவிடும். இதற்கு ஜப்பானியத்தில் அண்டான் என்று பெயர். காகித விளக்கைக் குறிக்கும் சொல். நம்முடைய ஆண்டான்-அடிமையோடு இதற்கு உறவில்லை. ஆனாலும் பழைய ஃப்ரீமான்ட்காரருக்கு அந்தக் கயிறு அப்படித்தான் தோன்றியிருக்கும்: அடிமையின் கையில் ஆண்டானுடைய அதிகாரம்.

இந்த யோசனை கார்த் தொழிலுக்கும் மூத்தது. டொயோட்டா குடும்பத்தின் முதல் தொழில் தறி. நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் விசைத்தறியை 1924இல் சகிச்சி டொயோடா முழுமையாக்கினார். குறையுள்ள துணியை வேகமாக நெய்துகொண்டே போவதைவிட நின்றுவிடுவது மேல் என்று ஒரு இயந்திரத்திற்கே சொல்லிக்கொடுத்த குடும்பம் அது. இதுவும் தானியங்கல்தான் என்பதை ரோபோ விற்பனையாளர்கள் மறந்துவிடுகிறார்கள்.

முடிவுகளைப் பார்ப்போம். 1980களின் நடுவில் எம்ஐடி ஆய்வில், ஜெனரல் மோட்டார்ஸின் மாசசூசெட்ஸ் ஆலையான ஃப்ரேமிங்ஹாமில் ஒரு காரைப் பொருத்த 31 மணி நேர உழைப்பு ஆனது. தக்காவோகாவில் 16. நம்மியில் 19. நூறு காருக்குக் குறைபாடுகள் ஃப்ரேமிங்ஹாமில் 135, தக்காவோகாவில் 45, நம்மியிலும் அதே 45. கையிருப்பு உதிரிபாகங்கள் ஃப்ரேமிங்ஹாமில் இரண்டு வாரத்திற்கு, நம்மியில் இரண்டு நாளுக்கு, தக்காவோகாவில் இரண்டு மணி நேரத்திற்கு. வேலைக்கு வராதோர் இரண்டு மூன்று சதவீதமாகச் சுருங்கினார்கள். ரோபோக்கள் இருந்தன, ஆனால் ஹாம்ட்ராமிக் போன்ற புதிய ஆலைகளோடு ஒப்பிடும் அளவில் அல்ல. எண்பதுக்கும் மேற்பட்ட வேலைப் பிரிவுகள் ஒருசிலவாகக் குறைக்கப்பட்டன. வேலையைப் படிப்படியாகப் பிரித்து நேரம் குறிப்பது முன்பு பொறியாளரின் வேலை. இப்போது ஸ்டாப்வாட்ச் தொழிலாளியின் கைக்கு வந்தது.

கயிற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குப் பின்னாலிருந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆட்குறைப்புக்கு முன் நிர்வாகிகளின் சம்பளத்தைக் குறைப்போம், வெளியே கொடுத்த வேலையை உள்ளே கொண்டுவருவோம் என்று நிர்வாகம் சங்கத்திற்கு எழுதிக் கொடுத்திருந்தது. 1988 வாக்கில் அங்கே செய்யப்பட்ட நோவா காரின் விற்பனை சரிந்து ஆலை பாதித் திறனுக்குச் சற்று மேல் ஓடியபோது அது சோதிக்கப்பட்டது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பயிற்சிக்கும் மேம்பாட்டு வேலைகளுக்கும் அனுப்பினார்கள். தன் யோசனையால் பக்கத்து ஆளின் வேலை போகும் என்றால் எவன் யோசனை சொல்வான்? ஹாம்ட்ராமிக்கிற்கும் ஃப்ரீமான்ட்டிற்கும் உள்ள வேறுபாடு என் கணக்கில் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

நம்மியைச் சொர்க்கமாக்கிவிடவும் கூடாது. பழைய ஆலையில் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 45 விநாடி வேலை செய்தவர்கள் இங்கே 57 விநாடி செய்தார்கள். மூச்சுவிட மிஞ்சியது மூன்று விநாடி. 1993ஆம் ஆண்டு மாடலுக்கு மாறும்போது கை, தோள், முதுகுக் காயங்கள் பெருகி, கலிபோர்னியா மாநிலப் பாதுகாப்புத் துறை நடவடிக்கை எடுக்கும் அளவுக்குப் போனது. சங்கத்திற்குள்ளேயே இந்த வேகத்தை எதிர்த்து ஒரு அணி இருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் நம்மியின் முறையைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோனதா? லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வான் நைஸ் ஆலையில் குழுமுறையைப் புகுத்திப் பார்த்தது. மேற்பார்வையாளர்களும் ஏற்கவில்லை, தொழிலாளர்களில் பெரும்பகுதியும் நம்பவில்லை. 1992இல் அது மூடப்பட்டது.

உத்தெவாலா: வரிசையே வேண்டாம்

வோல்வோ வேறு வழியில் போனது. மூடிய கப்பல் கட்டும் தளம் இருந்த உத்தெவாலாவில், 1980களின் இறுதியில் தொடங்கிய ஆலையில் நகரும் வரிசையே கிடையாது. ஏழு முதல் பத்துப் பேர் கொண்ட குழு நின்ற இடத்திலேயே முழுக் காரையும் கட்டும். ஒருவர் செய்யும் வேலை மீண்டும் முதலிலிருந்து வர ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும். நம்மியில் அது ஒரு நிமிடம். தானியங்கி வண்டிகள் இங்கும் இருந்தன, உதிரிபாகங்களைக் கட்டுக் கட்டாகக் குழுவிடம் சேர்ப்பதற்காக. குனிந்து படுத்து வேலை செய்யாமலிருக்கக் காரையே பக்கவாட்டில் சாய்த்தார்கள். தொழிலாளர்களில் கணிசமானோர் பெண்கள்.

மனித மரியாதையில் நான்கு ஆலைகளுள் இதற்கே முதலிடம் கொடுப்பேன். ஆனால் கணக்கு இடித்தது. மூடப்படும் காலத்தில் வோல்வோவின் முக்கிய ஆலையான தோஷ்லாந்தாவை அது எட்டிவிட்டது. நம்மியோடு பார்த்தால் ஒரு காருக்கான உழைப்பு நேரம் ஒன்றரை மடங்குக்குக் குறையவில்லை. ஆய்வாளர்கள் பால் ஆட்லரும் ராபர்ட் கோலும் 1993இல் சொன்ன காரணம் யோசிக்க வைப்பது. நம்மியில் வேலைமுறை எழுதிவைக்கப்பட்டிருப்பதால் ஒருவர் கண்ட சுருக்கு வழி மறுநாள் எல்லோருக்கும் போய்ச் சேரும். உத்தெவாலாவில் அது கண்டுபிடித்த குழுவோடு நின்றுவிடும். சுவீடன் ஆய்வாளர் கிறிஸ்டியன் பெரிக்ரென் இதை மறுத்தார்: வளர்ந்துகொண்டிருந்த ஆலையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தோல்வி என்று எழுதலாமா? இரு தரப்பும் சொல்வதில் நியாயம் உண்டு. வேலைக்கு ஆள் கிடைக்காத காலத்தில் ஆட்களை ஈர்க்கக் கட்டிய ஆலை அது. 1990களின் தொடக்கத்தில் சுவீடனில் வேலையில்லாதோர் பெருகியபோது அந்த ஈர்ப்பு நிறுவனத்திற்குத் தேவைப்படவில்லை. 1993இல் மூடினார்கள்.

டெஸ்லா: கட்டடம் மாறவில்லை

2010இல் ஃப்ரீமான்ட் ஆலையை 4.2 கோடி டாலருக்கு டெஸ்லா வாங்கியது. மாடல் 3 காருக்காக அங்கே ஹாம்ட்ராமிக் கனவு மீண்டும் காணப்பட்டது. 2017 முடிவில் வாரத்திற்கு 5,000 கார் என்பது இலக்கு. அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களும் சேர்ந்து வந்தவை 2,425. பேட்டரியின்மேல் ஒரு பஞ்சு விரிப்பை எடுத்து வைக்க நிறுத்திய ரோபோவால் அந்தப் பஞ்சைப் பிடிக்கவே முடியவில்லை. சிக்கலான கன்வேயர் வலைப்பின்னலைப் பிடுங்கிப் போட்டார்கள். 2018 ஏப்ரலில் ஈலான் மஸ்க், அளவுக்கு மீறிய தானியங்கல் தன் தவறு என்றும் மனிதர்களைக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்றும் எழுதினார். ஜூனில் ஆலைக்கு வெளியே கூடாரம் போட்டு, பெரும்பாலும் கைவேலையாகவே இன்னொரு பொருத்தும் வரிசையை ஓட்டி இலக்கைத் தொட்டார்கள்.

ஆனால் டெஸ்லாவை ஹாம்ட்ராமிக்கோடு முழுதாகச் சேர்க்க மாட்டேன். அடுத்து வந்த மாடல் ஒய் காரில், பின்பக்க அடித்தளத்தில் 70 போல இருந்த உலோகத் துண்டுகளை இத்தாலியின் இட்ரா நிறுவனத்தின் ராட்சத வார்ப்பு இயந்திரத்தால் ஒன்றிரண்டாக ஆக்கினார்கள். மனிதக் கை செய்யும் வேலையை ரோபோவுக்குக் கற்பிக்காமல், அந்த வேலையே இல்லாமல் செய்துவிடும் வழி அது.

ரோபோவுக்கு உரிய இடம் எது என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. தகடு அழுத்துதல், உடலை வெல்டிங் செய்தல், பெயின்ட் அடித்தல் மூன்றிலும் அது மனிதனைவிட மேல். பெயின்ட் புகையில் மனிதனை நிறுத்தாமலிருப்பதே நல்லது. ஒயர் கட்டு, ரப்பர் பட்டை, விரிப்பு போல வளைந்து நெளியும் பொருள் வந்தவுடன் அது தடுமாறும். கடைசிப் பொருத்து வேலை இன்னும் பெரும்பாலும் ஆட்கள் கையில் இருப்பது அதனால்தான்.

எந்த ஆலை பிழைத்தது என்று பார்த்தால் என் வாதத்திற்கே அது இடைஞ்சல். திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் 2009இல் நம்மியைக் கைவிட்டது. டொயோட்டா தனியாகத் தொடர விரும்பவில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று கடைசி கொரோலா வெளியேறியது. சுமார் 4,700 பேர் வேலை இழந்தார்கள். ரோபோக்கள் ஒன்றின்மேல் ஒன்று பெயின்ட் அடித்துக்கொண்ட ஹாம்ட்ராமிக்கை 2018இல் மூடப்போவதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு தொழிற்சங்கத்தின் 40 நாள் வேலைநிறுத்தத்தில் பிறந்த ஒப்பந்தம் அதைக் காப்பாற்றியது. மின்சார வாகன ஆலையாக மாற்றி, 2020இல் அதற்கு ஃபேக்டரி ஜீரோ என்று புதுப் பெயர் வைத்தார்கள்.