ஹட்டன் பக்கம் இரத்த வகை பார்க்கப் போகிறவர்களுக்கு

லீவுக்கு ஊருக்குப் போனால் இந்த வேலை எப்படியாவது நம் தலையில் வந்து விழுகிறது. அம்மாவுக்குக் கண்டியில் ஆபரேஷன், தங்கச்சிக்குத் தலைப்பிரசவம், அண்ணன் மகனுக்கு வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல் என்று எதுவானாலும் "பிளட் குரூப் என்ன?" என்று கேட்பார்கள். வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அதை மலையகத்தில் எங்கே பார்க்கலாம், எப்படிப் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் பிழை வருகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

தோட்ட டிஸ்பென்சரியை இதற்கு நம்பியிருக்க வேண்டாம், டவுனுக்கு இறங்குங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை எல்லா இடத்திலும் தனியார் லேப் உண்டு. ஆனால் பெயர்ப்பலகை ஒன்றுபோல இருந்தாலும் சில இடங்களில் இரத்தம் எடுப்பது மட்டும்தான் நடக்கும், பார்ப்பது கண்டியிலோ கொழும்பிலோ. காசு கட்டுவதற்கு முன்பே "இங்கேயே பார்க்கிறீங்களா, அனுப்புறீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். அங்கேயே பார்த்தால் சிறிது நேரத்தில் ரிப்போர்ட் கைக்கு வரும். அனுப்பினால் ஒரு நாளாவது போகும், இடையில் போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் இன்னும் தள்ளும். டிக்கோயா, நுவரெலியா, பதுளை, கண்டி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே சும்மா தெரிந்துகொள்வதற்காகப் பார்க்க மாட்டார்கள், ஆபரேஷன், பிரசவம், இரத்தம் ஏற்றுதல் போன்ற தேவை இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கின் முதல் இரத்தப் பரிசோதனைகளோடு இதையும் பார்த்து அட்டையில் எழுதிவிடுவார்கள். 18 வயதுக்கு மேல் 60 வயதுக்குள், 50 கிலோவுக்குக் குறையாத எடையோடு சுகமாக இருப்பவர் இரத்த தானம் செய்தாலும் தன் வகையைத் தெரிந்துகொள்ளலாம். இந்த வழியைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம்.

வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. ஊதா மூடிக் குழாயில் 2 அல்லது 3 மில்லிலீட்டர் போதும். அதில் இரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து இருக்கிறது. எடுத்தவுடன் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இதை விட்டால் சின்னச் சின்ன உறைகட்டிகள் உண்டாகி, பரிசோதனையில் தேடுகிற திரள்வு போலக் கண்ணை ஏமாற்றும். தூரத்துக்கு அனுப்பும் குழாய் ஐஸ் கட்டியில் நேரடியாக முட்டக்கூடாது. குளிரில் ஐஸாக உறைந்தால் செவ்வணுக்கள் வெடித்துவிடும், பிறகு பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

மருந்தும் கருவியும் பிழைப்பதைவிட, குழாயில் ஆளின் பெயர் பிழைப்பதுதான் பெரிய ஆபத்து. எங்கள் பக்கத்தில் இதற்குத் தனியாகக் காரணம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, லயத்தில் கூப்பிடுவது மூன்றாவது பெயர். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது முதலெழுத்தே மாறிப் போகும். ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பதும் அதிசயமில்லை. இதற்கு மேல், சிங்களத்தில் கேட்டால் வயசான அம்மாக்கள் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். "நீங்கதானே ராமாயி?" என்று கேட்டால் ஆமென்பார்கள். "உங்க பேர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலே சொல்ல வைப்பதுதான் சரியான முறை. துணைக்குப் போகிறவர் பக்கத்தில் நின்று இதைக் கவனியுங்கள். லேபல் இரத்தம் எடுத்த பிறகு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். முன்கூட்டியே எழுதி வைத்த வெறும் குழாய்களில்தான் ஆள் மாறுகிறது. பெயரோடு அடையாள அட்டை இலக்கம், வார்டில் என்றால் பெட் ஹெட் டிக்கெட் (நோயாளியின் வார்டுக் குறிப்பேடு) இலக்கம் இருக்க வேண்டும். இரத்தம் ஏற்றுவதற்கு முன் இரண்டாவது தடவையும் எடுக்கக் கேட்டால் சண்டை பிடிக்காதீர்கள். தனித்தனியாக எடுத்த இரண்டு மாதிரியும் ஒத்துப் போவதுதான் நோயாளிக்குக் காவல்.

பரிசோதனை எளிமையானது. ஏ, பி, டி என்ற மூன்று அடையாளங்களில் எவை செவ்வணுவின் மேல் இருக்கின்றன என்று பார்க்கிறார்கள். நீல நிற மருந்துச் சொட்டு ஏயைத் தேடும், மஞ்சள் பியைத் தேடும், நிறமற்றது டியைத் தேடும். வெள்ளைத் தட்டில் ஒவ்வொரு சொட்டோடும் ஒரு சொட்டு இரத்தம் சேர்த்து, தனித்தனிக் குச்சியால் கலக்கி, தட்டை மெதுவாக ஆட்டி இரண்டு நிமிடத்துக்குள் படிக்க வேண்டும். மணல்போலத் திரண்டால் அந்த அடையாளம் உண்டு. நீலத்தில் மட்டும் திரண்டால் ஏ, மஞ்சளில் மட்டும் திரண்டால் பி, இரண்டிலும் திரண்டால் ஏபி, இரண்டிலும் இல்லாவிட்டால் ஓ. டி திரண்டால் பாசிட்டிவ். நேரம் கடந்தால் ஓரம் காய்ந்து, திரண்டதுபோலத் தெரியும். ஒரே குச்சியை மாற்றாமல் கலக்கினாலும் பிழைக்கும்.

இரத்த வங்கி இதோடு நிற்பதில்லை. நோயாளியின் பிளாஸ்மாவை (இரத்தத்தின் நீர்ப் பகுதியை) எடுத்து, வகை தெரிந்த ஏ, பி, ஓ செவ்வணுக்களோடு சேர்த்துத் திருப்பியும் பார்க்கும். ஏ வகை ஆளின் பிளாஸ்மா பி அணுவைத் திரட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்து வராவிட்டால் முடிவு எழுத மாட்டார்கள். பிறந்த குழந்தைக்குத் தன் சொந்த எதிர்ப்பொருள் (அந்நிய அணுக்களைப் பிடித்துத் திரட்டும் பொருள்) இன்னும் உருவாகாததால் இந்தத் திருப்பல் செல்லாது. அதனால் பிறந்தபோது எழுதிய வகையைப் பெரிய வயதில் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. பம்பாய் வகை எனப்படும் அபூர்வ வகையும் இந்தத் திருப்பலில்தான் பிடிபடும். தட்டில் அது சாதாரண ஓ மாதிரியே இருக்கும், ஆனால் அந்தப் பிளாஸ்மா ஓ அணுவையும் திரட்டிவிடும். அவருக்குப் பம்பாய் வகை இரத்தம் மட்டுமே சேரும். அதை உறுதிசெய்ய உதவும் சாறு உலெக்ஸ் என்ற முட்செடியின் விதையிலிருந்து எடுக்கப்படுவது. ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சளாகப் பூத்துப் புல்வெளியைப் பிடித்துக்கொண்டிருக்கிற அதே வெளிநாட்டுச் செடிதான்! ஏ வகையின் உட்பிரிவைப் பிரித்துக் காட்டுவதும் நம் அடுப்படிக் கொள்ளின் சாறு.

குளிரையும் சொல்ல வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். சிலர் இரத்தத்தில் குளிரில் வேலை செய்யும் எதிர்ப்பொருள் இருக்கும். சூடில்லாத அறையில் அது எல்லாச் சொட்டிலும் அணுக்களைத் திரட்டி, ஏபி பாசிட்டிவ் போலக் காட்டிவிடும். நல்ல லேப் மாதிரியை 37 பாகைக்குச் சூடாக்கி, வெதுவெதுப்பான உப்புநீரில் அணுக்களைக் கழுவித் திரும்பப் பார்க்கும். எதிர்பாராமல் ஏபி என்று வந்தால், வீட்டில் தாயோ தகப்பனோ ஓ என்றால், கேட்கக் கூச்சப்படாமல் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் ஏ வகைத் தாய் தகப்பனுக்கு ஓ பிள்ளையும், பாசிட்டிவ் இருவருக்கு நெகட்டிவ் பிள்ளையும் பிறப்பது முற்றிலும் இயல்பு. இதை வைத்துக் குடும்பத்தில் வீண் சந்தேகம் வளர்ப்பது பெரும் பாவம்.

வெளிநாட்டு அட்டையோடு வருபவர்களுக்கு ஒன்று. ஜெர்மனி, சுவிஸ் அட்டைகளில் ஓ வகையைச் சைபர் என்றே எழுதுவார்கள், அது வேறு வகையில்லை. அங்கே நெகட்டிவ், இங்கே பாசிட்டிவ் என்று வந்தால் டி பலவீனமாக இருக்கலாம். சில மருந்துச் சொட்டு அதைப் பிடிக்கும், சில பிடிக்காது. கூம்ப்ஸ் என்ற நுணுக்கமான பரிசோதனையில்தான் தெளிவாகும். இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள், பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். கடந்த மூன்று மாதத்துக்குள் இரத்தம் ஏற்றியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டு பேருடைய அணுக்கள் கலந்து முடிவு குழம்பும்.

நெகட்டிவ் பெண்கள் விஷயத்தில் தாமதம் கூடாது. நம்மவரில் நூற்றுக்கு ஐந்து பேரளவில்தான் நெகட்டிவ் என்பதால் வீட்டில் யாருக்கும் இதன் பாரம் தெரியாது. பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிரசவத்தில் அதன் இரத்தம் தாயின் உடம்பில் கலந்து எதிர்ப்பொருள் உண்டாகலாம். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும், அடுத்த பிள்ளையின் செவ்வணுக்களை அது அழிக்கும். இதைத் தடுக்கும் ஆன்டி டி ஊசியைப் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கருச்சிதைவானாலும், கொழுந்து மலையில் வழுக்கி வயிற்றில் அடிபட்டாலும் உடனே ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும். எதிர்ப்பொருள் உண்டாகிவிட்ட பிறகு ஊசியால் பயனில்லை. ஆகவே நெகட்டிவ் என்று தெரிந்த நாளிலேயே மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லி, எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம், ஊசி அங்கே இருக்குமா என்று விசாரித்து வையுங்கள். பிறந்ததும் பிள்ளையின் வகையைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள், பிள்ளையும் நெகட்டிவ் என்றால் ஊசி வேண்டாம். போட்ட திகதியையும் அளவையும் அட்டையில் எழுதி வாங்குங்கள். அடுத்த சில வாரங்களுக்கு அந்த ஊசியே இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருளாகத் தெரியும். வெளிநாடு திரும்பி அங்கே பார்க்கும் டாக்டருக்கு அந்த அட்டை இல்லாமல் இது புரியாது.