வீட்டில் படித்து வருவதா, கூடி உட்கார்ந்து வாசிப்பதா?

குடியிலிருந்தோ வேறு போதையிலிருந்தோ மீள்வதைப் பற்றி நாலு பேர் சேர்ந்து புத்தகம் படிக்கலாம் என்று முடிவானதும் எல்லோரும் கேட்பது, எந்தப் புத்தகம் என்றுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. அவரவர் வீட்டில் படித்துவிட்டு வந்து பேசுவதா, வந்து உட்கார்ந்தபின் ஒரு பகுதியைச் சத்தமாக வாசித்துப் பேசுவதா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். குழு நிலைப்பதும் கலைவதும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

வீட்டில் படித்து வருவது நமக்குப் பழகிய முறை. முழுதாகப் படித்தவர்கள் பேசும்போது பேச்சு ஆழமாகப் போகும். தனியே படிக்கும்போது கண் கலங்கினாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. மீண்டு பல ஆண்டுகள் ஆனவர்கள், குடும்பத்தில் ஒருவரின் குடியால் அடிபட்டவர்கள், ஆலோசகர்கள் என்று குழு அமைந்தால் இதுவே போதும்.

ஆனால் குடியை நிறுத்திச் சில வாரங்களே ஆன ஒருவர் அங்கே வந்தால்? ஆரம்ப மாதங்களில் பலருக்குத் தூக்கம் சரியாக இருக்காது, மனம் ஒன்றில் நிற்காது, படித்தது தங்காது. மூளையும் உடலும் தேறிக்கொண்டிருக்கும் காலம் அது. நாற்பது பக்கம் படித்து வரச் சொன்னால் அவருக்கு நாலு பக்கம் ஓடுவதே பெரிய விஷயம். படிக்காமல் எப்படிப் போய் உட்காருவது என்ற கூச்சத்தில் அந்த வாரம் வரமாட்டார். அடுத்த வாரம் கூச்சம் இரண்டு மடங்காகிவிடும். ஏற்கெனவே வெட்கத்தைச் சுமந்து திரிகிறவருக்கு இன்னொரு தோல்வியை நாமே கையில் கொடுத்தாயிற்று. கூட்டத்துக்கு வராத அந்த மாலையை அவர் எங்கே, எப்படிக் கழிப்பார் என்பதுதான் எனக்குக் கவலை.

கூடி வாசிக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. வெறுங்கையோடு வரலாம். இரண்டு மூன்று பக்கம் போதும், ஆளுக்கொரு பத்தி. வாசிக்க விருப்பம் இல்லாதவர் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும், படிக்கவே தெரியாதவரும்கூட அதே பக்கத்தைக் கேட்டுவிட்டு அதே உரிமையோடு பேசலாம். புதிதாகக் கண்டுபிடித்த முறையும் இல்லை இது. பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் குடியிலிருந்து மீள்பவர்களுக்காக 1935-ல் தொடங்கிய இயக்கத்துக்கு, 1939-ல் வெளியிட்ட தன் புத்தகத்தின் பெயரே நிலைத்தது: அல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அந்தப் புத்தகத்தைப் பத்தி பத்தியாக வாசித்துப் பகிரும் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. புத்தகம் முடிய மாதக்கணக்கில் ஆகும். அதைவிடப் பெரியது, குடிக்கும் காட்சி வந்தால் அது எல்லோர் காதிலும் ஒன்றாக விழும். வீட்டில் என்றால் பக்கத்தைத் தாண்டிவிடலாம். இங்கே ஒருவர் வாசிக்க, இன்னொருவருக்கு நாக்கு ஊறத் தொடங்கியிருக்கும். அதனால் நடத்துபவர் அந்தப் பக்கங்களை முன்பே படித்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சரி, இப்போது எந்தப் புத்தகம்? வழிகாட்டி நூலா, மீண்டவர் எழுதிய வாழ்க்கைக் கதையா? வழிகாட்டி நூலை வைத்துக்கொண்டால் பேச்சு கருத்தாகவே சுற்றிவரும். கதையை வைத்துக்கொண்டால் ஆள் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்குவார். நான் கதைப் பக்கம்தான். அந்த 1939 புத்தகத்தில் இரண்டும் உண்டு. பிந்தைய பதிப்புகளில் வழிமுறை சொல்லும் முதல் 164 பக்கங்களைப் பெரிதாகத் தொடவில்லை, ஆட்களின் கதைகளைத்தான் மாற்றினார்கள். புதிதாக வருபவர் தன் முகத்தை அதில் பார்க்க வேண்டும் அல்லவா! ஒன்று மட்டும்: இத்தகைய கதைகளில் குடித்த காலம் பெரும்பாலும் துடிப்பாக இருக்கும், நிறுத்திய பிறகு நடந்தது நாலு வரியில் முடிந்துவிடும். அந்த நாலு வரி விரிவாக இருக்கும் நூலைத் தேடுங்கள். சம்பளம் கையில் வந்த முதல் மாலை, மனைவி இன்னும் நம்பாத அந்த முகம், குடிக்காமல் போன முதல் கல்யாணம் என்று வரும் பக்கங்களிலிருந்தே தொடங்குங்கள்.

குடும்பத்தாரையும் சேர்த்து உட்கார வைக்கலாமா என்பதில் எனக்கு அதிகம் யோசனை இல்லை. தொடக்கத்தில் வேண்டாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு 1951-ல் தனியாக உருவானது. அவர்களுக்குச் சொல்ல வேறு வலி இருக்கிறது, எதிரே குடித்தவரே இருந்தால் அது வெளியே வராது.

நடத்துபவர் மீண்டவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அறிவுரை சொல்லாதவராக, யாரையும் சொல்லவும் விடாதவராக இருந்தால் போதும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் குறுக்கே பேசியாக வேண்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் உருக்கமாகக் கேட்டுவிட்டு, "இன்று ராத்திரியோடு நிறுத்திவிடுகிறேன்" என்பார். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கைதட்டாமல், முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கலைவதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இன்று வாசித்தது யாருக்காவது ஆசையைக் கிளறிவிட்டதா என்று நேரடியாகக் கேளுங்கள். ஆமாம் என்பவரோடு ஒருவர் வீடு வரை நடந்து போகட்டும்.