கரைசலா, பட்டியா, தகடா: குருதியில் புரதத்தைக் கண்டறியும் தங்கம்

டெங்குக் காய்ச்சலின் முதல் நாட்களிலேயே குருதியில் தோன்றும் என்.எஸ்.1 என்ற வைரசுப் புரதத்தைக் கண்டறிவது, மழைக்காலம்தோறும் நுளம்போடு போராடும் கொழும்பு நகருக்கு மிகவும் வேண்டிய பரிசோதனை. தங்க நனோ துணிக்கைகளை ஒளி உணரியாகப் பயன்படுத்தும் வழிகளை இந்த ஒரு தேவையை முன்வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதலாவது, கரைசலின் நிறமாற்றம். ஏறத்தாழ 13 நனோமீற்றர் விட்டமுள்ள துணிக்கைகள் 520 நனோமீற்றர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை மிக வலுவாக உறிஞ்சுவதால் கரைசல் செந்நிறமாகத் தெரிகிறது. தேடும் பொருள் அவற்றை இணைத்து ஒன்றையொன்று நெருங்கச் செய்தால் உறிஞ்சல் நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்து, செந்நிறம் ஊதாவாகிறது. 1997இல் அமெரிக்க இரசாயனவியலாளர் சாட் மேர்க்கின் குழுவினர் இந்த நிறமாற்றத்தைக் கொண்டே டி.என்.ஏ. இழையொன்றை ஏறத்தாழ 10 ஃபெம்டோமோல் என்ற மிக நுண்ணிய அளவிலும் கண்டறிந்தனர். வெறுங்கண்ணே கருவியாகிவிடும் இந்த அழகுக்கு ஈடில்லை. ஆனால் குருதியில் ஏறத்தாழ 0.15 மோலார் உப்பு இருக்கிறது. சித்திரேற்று அயன்கள் போர்த்திய துணிக்கைகளை விலக்கி வைத்திருக்கும் மின் தள்ளுகையை அது மறைத்துவிடுவதால், தேடும் புரதம் இல்லாமலே நிறம் மாறக்கூடும். குருதியின் பிற புரதங்கள் முந்திக்கொண்டு துணிக்கைகளைப் போர்த்திவிட்டாலோ, தேடும் புரதம் இருந்தும் நிறம் மாறாது போகலாம். இரு திசையிலும் பிழைக்கக்கூடிய ஒரு முறையை நோயாளியின் குருதிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். க.பொ.த. உயர்தர வகுப்பு மாணவர்களின் ஆய்வுகூடத்துக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

மருந்தகங்களில் காணும் பரிசோதனைப் பட்டியிலும் இதே தங்கம்தான் உள்ளது. எனினும் அங்கே அது பெரும்பாலும் சாயமாகவே வேலை செய்கிறது: தேடும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி பூசிய, வழக்கமாக 40 நனோமீற்றர் அளவிலான துணிக்கைகள் கோட்டில் சிக்கிச் சேர்வதால் சிவப்பு தெரிகிறதே தவிர, நிறமாற்றம் எதையும் அது நம்பியிருப்பதில்லை. உப்பினால் அது எளிதில் ஏமாறாததற்குக் காரணமும் அதுவே. கொழும்பின் நகைக்கடைத் தெருவான செட்டியார் தெருவில் பவுண் விலை எவ்வளவு ஏறினாலும் பட்டியின் விலை அதனால் உயராது. அதிலுள்ள தங்கம் அவ்வளவு சொற்பம், செலவு பிறபொருளெதிரியில்தான் இருக்கிறது. அதன் குறை, ஆம் அல்லது இல்லை என்பதற்கு மேல் பெரிதாக எதையும் சொல்லாதது.

அளவு வேண்டுமானால் தகட்டுக்குத்தான் போக வேண்டும். அதிலும் இரண்டு வகை உண்டு. ஏறத்தாழ 50 நனோமீற்றர் தடிப்புள்ள தங்கப் படலத்தில், அரியத்தின் வழியே குறித்த கோணத்தில் ஒளியைச் செலுத்தி, மேற்பரப்பில் ஒட்டும் மூலக்கூறுகளால் முறிவுச் சுட்டி (ஒளியை வளைக்கும் அளவு) மாறுவதை அளப்பது ஒன்று. 1983இல் சுவீடன் ஆய்வாளர்கள் இதை உயிரியல் அளவீட்டுக்குக் கொண்டுவந்தனர். படலத்தின் ஒளிப்புலம் ஏறத்தாழ 200 நனோமீற்றர் வரை கரைசலுக்குள் நீள்வதால், கரைசலில் நேரும் எந்த மாற்றமும் அளவீட்டில் கலந்துவிடும். நீரின் முறிவுச் சுட்டி ஒரு பாகை வெப்பநிலைக்கு ஏறத்தாழ 0.0001 மாறுகிறது, குளிரூட்டி நின்று நின்று இயங்கும் அறையில், வெப்பக் கட்டுப்பாடில்லாத கருவிக்கு இதுவே பெரும் இடைஞ்சல்.

மற்றொன்று, துணிக்கைகளைக் கண்ணாடியில் நிலையாகப் பதித்து, மூலக்கூறு ஒட்டும்போது அவற்றின் உறிஞ்சல் அலைநீளம் நகர்வதை, ஊடுகடக்கும் ஒளியைக் கொண்டு ஒரு சிறு நிறமாலைமானியால் அளப்பது. பதிந்த துணிக்கைகள் திரள முடியாது என்பதால் முதல் முறையைக் கெடுத்த உப்பு இங்கே அவ்வளவு தொல்லையில்லை. பிற புரதங்கள் ஒட்டாதிருக்க மட்டும் மேற்பரப்பில் பாதுகாப்புப் பூச்சு வேண்டும். சுட்டி மாற்றத்துக்கான இதன் உணர்திறன் படலத்தைவிட மிகக் குறைவு. ஆயினும் ஒளிப்புலம் சில பத்து நனோமீற்றருக்குள் அடங்கிவிடுவதால், தொலைவிலுள்ள நீரின் வெப்பநிலை மாற்றத்தை அது அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை, ஒட்டிய மூலக்கூறையே காண்கிறது. இந்தக் குறுகிய எல்லையில் 10 நனோமீற்றர் அளவுள்ள பிறபொருளெதிரியே பெரும் பங்கைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் எஞ்சும் இடர்.

இன்று காய்ச்சலோடு வருபவருக்குப் பட்டியே சரி. ஆனால் நம் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்று புதிதாக எதையேனும் உருவாக்க விரும்பினால், பதித்த துணிக்கைகளையே எடுத்து, பிறபொருளெதிரிக்குப் பதிலாக தேடும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும், அதைவிடச் சிறிய டி.என்.ஏ. ஏற்பிகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பேன்.