மிதி பம்பு: கென்ய மேட்டுநிலத்தில் சில பருவங்கள் ஓடிய பிறகு தெரிவது

வங்கதேச நெல் வயல்களில் பரவிய மிதி பம்பு தண்ணீரைத் தூக்கித் தன் வாய்வழியே அங்கேயே கொட்டும், அவ்வளவுதான். கென்யாவின் மத்திய மேட்டுநிலத்துக்கு அது போதாது. அங்கே ஓடை கீழே, தோட்டம் மேலே. சிலிண்டரை மூடி, தண்ணீரை ஓஸுக்குள் அழுத்தித் தள்ளும்படி மாற்றியமைத்த சூப்பர் மணிமேக்கர் என்ற மிதி பம்பை 1990களின் கடைசியில் கொண்டுவந்தது கிக்ஸ்டார்ட் நிறுவனம். அப்போது அந்த நிறுவனத்தின் பெயர் அப்ரோடெக். இரண்டு மிதிகட்டை, இரண்டு சிலிண்டர். டீசல் வேண்டாம், கரண்ட் வேண்டாம். உறிஞ்சும் ஆழம் 7 மீட்டர், மொத்தம் ஏற்றும் உயரம் 14 மீட்டர், இரண்டு ஏக்கர் வரை பாயும் என்பது அறிவிப்பு.

முதல் ஏமாற்றம் அந்த 7 மீட்டரில்தான். அது கடல்மட்டக் கணக்கு. காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. நியேரி போல 1,800 மீட்டரை ஒட்டிய ஊர்களில் அழுத்தம் குறைவு, ஆகவே ஏறக்குறைய 5 மீட்டர்தான் நம்பலாம். அதிலும் கிணற்றை மழை முடிந்த கையோடு அளந்துவிட்டு வாங்கினால் பிப்ரவரியில் பம்பு வெறுமனே காற்று வாங்கும். வறண்ட காலத்தின் கடைசியில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளக்க வேண்டும். ஆழம் சற்றுக் கூடுதலா? ஓடைக்கரையை வெட்டி ஒரு படி அமைத்து, பம்பைக் கீழே இறக்கி வையுங்கள். உறிஞ்சுவதில்தான் வரம்பு, தள்ளுவதற்குத் தாராளமாக இடமிருக்கிறது.

இரண்டு ஏக்கரையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வறண்ட மாதத்தில் சுகுமா விக்கி கீரைக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு சுமார் 5 லிட்டர். கால் ஏக்கருக்கு 5,000 லிட்டர். மொத்தம் 7 மீட்டர் உயரத்துக்கு ஓர் ஆள் சீராக மிதித்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர் வரும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு ஏக்கர் என்றால் எட்டு மணி நேரம் தாண்டும். ஆள் மாற்றி ஆள் ஏறும் குடும்பத்துக்கு அரை ஏக்கர் சரி. அதற்கு மேல் போடுவது பயிருக்கும் முழங்காலுக்கும் நல்லதல்ல.

கிணறும் ஈடுகொடுக்க வேண்டும். 1.2 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் ஊற்று மந்தமானால் அரை மணி நேரத்தில் ஒரு மீட்டர் இறங்கிவிடும். காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்து மிதிப்பதே வழி.

கோளாறுகளில் பெரும்பாலானவை உறிஞ்சு குழாயில்தான். தட்டையாக மடியும் ஓஸ் அங்கே ஆகாது, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். சுருள்கம்பி வைத்த ஓஸ் அல்லது பிவிசி குழாய் வேண்டும். குழாய் பம்பு வரை விடாமல் ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு மேடு இருந்தாலும் அங்கே ஏர் பிடிக்கும். வெளியே வரும் நீரில் குமிழி தெரிந்தால் இணைப்பில் ஓட்டை. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள், நுரை உள்ளே போகும் இடம்தான் கசிவு. சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிச் சுற்றினால் ஒரு பருவம் தாங்கும். மிதிப்பதை நிறுத்தியதும் தண்ணீர் இறங்கிவிட்டால், குழாயின் அடியில் நீர் திரும்பாமல் தடுக்கும் ஃபுட் வால்வில் மணல். மிதி திடீரென லேசாகி, இணைப்பிலும் கசிவு இல்லையென்றால் சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனின் வாஷர் தேய்ந்திருக்கும். மிதி கனத்துப் போனால் உறிஞ்சு குழாய் முனையிலுள்ள வடிகட்டி அடைத்திருக்கிறது.

வாஷரைத் தின்பது வண்டல். மழைக்கால ஓடையில் வடிகட்டியை அடியில் போட்டால் சிலிண்டரும் கீறும். காலி ஜெர்ரிகேனை மிதக்கவிட்டு, அதிலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே வடிகட்டியைத் தொங்கவிட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். அச்சாணிகளுக்குக் கிரீஸ் போடலாம். ரப்பர் வாஷரில் படக்கூடாது, ஊதிவிடும். அதை நனைத்துப் போட்டாலே போதும்.

போட்ட பணம் திரும்புவது பம்பைவிட நாற்று விடும் தேதியைப் பொறுத்தது. மார்ச் முதல் மே வரையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழை. மழையை நம்பி எல்லோரும் ஒரே நேரத்தில் அறுத்தால் விலை சரியும். நவம்பர் தொடக்கத்தில் தக்காளி நாற்று விட்டு டிசம்பரில் நட்டால், சந்தை காய்ந்து கிடக்கும் பிப்ரவரிக் கடைசியில் பழம் வரும். அந்த இரண்டரை மாதத்தில் பின்பாதிதான் மிதிப்பவருக்குச் சோதனை.

ஒற்றை ஆளாக வேலை செய்பவர்கள், குறிப்பாகக் கணவர் நகரத்தில் வேலைக்குப் போய்விட்ட வீட்டுப் பெண்கள், சுமார் 5 கிலோ எடையுள்ள இடுப்பு பம்பைப் பார்க்கலாம். கைப்பிடியைப் பிடித்து உடம்பை முன்னும் பின்னும் சாய்த்து இயக்குவது. மிதி பம்போ 20 கிலோவை ஒட்டி வரும். திருட்டுப் பயத்தில் தினமும் மாலை பம்பை வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டியிருப்பதால், இந்த எடை வித்தியாசம் காகிதத்தில் தெரிவதைவிடப் பெரிது. தண்ணீர் பம்பிலிருந்து 7 மீட்டருக்கும், மேட்டுநிலத்தில் 5 மீட்டருக்கும், கீழே இருந்தால் இரண்டையுமே நம்ப முடியாது. வாளியும் கயிறும், வசதியிருந்தால் கிணற்றுக்குள் இறக்கும் சோலார் மோட்டாரும்தான்.