போர்டு போயிடுச்சுன்னு சொல்லி 23,600 ரூபா வாங்கிட்டாங்க: மெஸ், ஹோட்டல் வெச்சிருக்கவங்க படிச்சிருங்க

23,600 ரூபா. டிஷ்வாஷர் மெயின் போர்டு (மெஷினைக் கன்ட்ரோல் பண்ற எலக்ட்ரானிக் கார்டு) போயிடுச்சுன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாங்க. போர்டு போகவே இல்லைன்னு நேத்து சாயந்திரம்தான் தெரிஞ்சுது. மெஷினுக்குள்ள ஒரு கோளாறும் கிடையாதாம். கை நடுங்க நடுங்கத்தான் டைப் பண்றேன்.

கோயம்புத்தூர்ல காலேஜ் பக்கம் மெஸ் நடத்தறேன். தட்டு கழுவ ஹுட் டைப் மெஷின் ஒண்ணு இருக்கு. த்ரீ ஃபேஸ் (மூணு லைன்ல கரண்ட் வரும்), 9 கிலோவாட் ஹீட்டர். வாரண்டி முடிஞ்சாச்சு. காலையில டிபன் நேரத்துல ஒழுங்கா ஓடும். மத்தியானம் கூட்டம் ஏறுனா தண்ணி சூடாகாது. கடைசி ரின்ஸ் 82 டிகிரி வரணும், 60லயே நிக்கும். பம்ப் ஓடாம முனகும், கொஞ்ச நேரத்துல மோட்டார் கருகாம காக்கற ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆயிடும். டிஸ்பிளே மட்டும் ஜம்முனு எரியும்.

கம்பெனி ஆளு அடுத்த வாரம்தான்னாங்க. ஃபோன்ல புக் பண்ணினா வீட்டுக்கும் கடைக்கும் ஆள் அனுப்புவாங்களே, அந்த மாதிரி ஆப் ஒண்ணுல போட்டேன். ஒரு மணி நேரத்துல பையன் வந்தான். ஆப் பேர் போட்ட சட்டை, கழுத்துல ஐடி கார்டு. செருப்பைச் சமையக்கட்டுக்கு வெளியவே கழட்டிட்டு வந்தான். அதுலயே பாதி நம்பிக்கை வந்துருச்சு எனக்கு.

மீதி நம்பிக்கையை டெஸ்டர் வெச்சு வாங்கினான். மெஷின் ஓடறப்பவே பேனலைக் கழட்டி, கான்டாக்டர்ல (ஹீட்டருக்கும் பம்புக்கும் கரண்டை விடற ஸ்விட்ச்) மூணு ஸ்க்ரூலயும் ஒண்ணொண்ணா வெச்சு, என்னையே குனிஞ்சு பார்க்கச் சொன்னான். மூணுலயும் எரிஞ்சுது. “பாத்துக்கங்க்கா, மூணு ஃபேஸும் வருது. டிஸ்பிளேவும் வருது. சப்ளை இல்லாம டிஸ்பிளே வருமா? போர்டு அவுட்டுங்க்கா.” கண்ணு முன்னாடி எரியுது, அப்புறம் என்னத்தைச் சந்தேகப்படறது?

போர்டு 20,000, ஜிஎஸ்டி 3,600. பில் மெயில்ல வரும்னான். போர்டு டப்பாவுல வரலை, பாலிதீன் கவர்ல வந்துச்சு. ஸ்டிக்கர் சுரண்டியிருந்துச்சு. பழைய போர்டைக் கேட்டா “கம்பெனிக்குத் திருப்பிக் குடுக்கணும்க்கா”ன்னு பையில போட்டுக்கிட்டான். மாட்டி ஓட்டிக் காட்டினான், அருமையா ஓடுச்சு. பணம் போட்டேன்.

மறுநாள் மத்தியானம் அதே முனகல்.

இனிதான் கூத்தே. பையனுக்கு ஃபோன் போட்டா “இது வேற கம்ப்ளைன்ட்டுங்க்கா, புதுசா புக் பண்ணுங்க”ன்னான். அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். ஆப் சாட்டுல ‘உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்’னு வந்துச்சு. என்ன டைப் பண்ணினாலும் அதே வருத்தம்தான். கஸ்டமர் கேர் பொண்ணு, கேரண்டி வீட்டு மெஷினுக்கு மட்டும்தான் மேடம்னுச்சு. புக் பண்றப்ப மெஸ்னுதானே போட்டேன்னா, டெக்னீஷியன் தனி ஆளு, நாங்க இணைச்சு விடறதோட சரின்னுச்சு. அப்ப அவன் சட்டையில இருந்தது யார் பேரு? பில் கேட்டா டெக்னீஷியன்கிட்ட கேளுங்கங்கறாங்க. ராத்திரி பார்த்தா என் கம்ப்ளைன்ட்டுக்கு ‘தீர்க்கப்பட்டது’ன்னு பச்சைக் குறி. 23,600 ரூபாயை முழுங்கிட்டு டிக் வேற போட்டு வெச்சிருக்காங்க.

நேத்து எங்க தெரு வயரிங் பெரியவரைக் கூட்டிட்டு வந்தேன். மெஷின்ல கை வைக்கவே இல்லை அவரு. “ஓடவிடு கண்ணு”ன்னார். பின்னாடி சுவத்துல இருக்கற எம்சிபிகிட்ட (மெஷினுக்கான ட்ரிப் ஸ்விட்ச்) போய் மீட்டர் வெச்சார். மேல வர்ற பக்கம் எந்த ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல வெச்சாலும் 415 வோல்ட். மூணு ஃபேஸுக்கும் ஆர், ஒய், பின்னு பேரு. கீழ மெஷினுக்குப் போற பக்கம் ஆர்-ஒய் 415, பி-யோட எதைச் சேர்த்தாலும் 207. அங்கயே பி ஃபேஸ் அறுந்திருக்கு. மெயினை அணைச்சுக் கழட்டினா எம்சிபில அந்த பி ஃபேஸ் ஸ்க்ரூ கருகிப் போய்க் கிடக்கு. வயர் நுனியில அழுத்தி மாட்டற லக் அடிக்காம வெறும் வயரைச் சொருகியிருக்காங்க, நீராவி பட்டுப் பட்டு லூஸாயிருக்கு. லோடு ஏறினா சூடாகித் தொடர்பு விட்டுப்போகும், ஆறினா ஒட்டிக்கும். போர்டு மாத்தறேன்னு ஒரு மணி நேரம் அணைச்சு வெச்சான் பாருங்க, அதுலதான் ஒட்டியிருக்கு. போர்டுனாலன்னு நான் நம்பிட்டிருந்தேன்.

அப்ப டெஸ்டர் எப்படி எரிஞ்சுதுன்னு கேட்டேன். மத்த ரெண்டு ஃபேஸ் கரண்ட் ஹீட்டர் காயில் வழியா அறுந்த பக்கம் திரும்பி வருமாம், நியூட்ரலுக்கு ஒரு 120 வோல்ட் இருக்கும். டெஸ்டர் அதுக்கும் எரியும், 230க்கும் எரியும். ரெண்டு ஃபேஸ்ல ஹீட்டர் பாதி சூடுதான் குடுக்கும், த்ரீ ஃபேஸ் மோட்டார் கிளம்பவே கிளம்பாது. டிஸ்பிளேக்கு ஆர் ஃபேஸும் நியூட்ரலும் போதும். அந்தப் பையனுக்கு இது தெரியாதா, தெரிஞ்சே செஞ்சானான்னு இன்னும் எனக்குப் புரியலை. ரெண்டுல எதுவா இருந்தாலும் அந்தச் சட்டையைப் போட்டு அனுப்பினவங்கதான் பதில் சொல்லணும்.

புது எம்சிபி, லக், கூலி எல்லாம் சேர்த்து 2,100. அங்க 23,600! எட்டுப் பசங்களோட மாசச் சாப்பாட்டுக் காசு அது.

என்னென்ன பார்க்கணும்னு வரிசையா எழுதத்தான் உட்கார்ந்தேன், மாவு ஆட்ட ஆள் வந்துருச்சு. அவசரமா சொல்லிடறேன். டெஸ்டரை நம்பாதீங்க. மெஷின் ஓடறப்ப, ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் மீட்டர் வெச்சு அளக்கச் சொல்லுங்க. மீட்டர் கொண்டு வராத ஆளை வாசலோட அனுப்பிடுங்க. பில் கையில வராம பணம் போடாதீங்க, பழைய பார்ட்டை விடாதீங்க. 1915க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) ஃபோன் பண்ணிப் புகார் குடுத்திருக்கேன், நீங்களும் குடுங்க. ஆனா இதைப் படிச்சுட்டு நீங்களே பேனலைத் திறக்காதீங்க. ஈரத் தரை, 415 வோல்ட், ஆளையே அடிச்சுடும்.