அப்பாவின் கசிவுக் கருவி: ஒன்றரை வருடத்துக்கு அப்புறம்

மலேசியாவில் கோல கங்சார் நண்பர் ஒருவர், காது மந்தமான தன் மாமாவுக்கு மீயொலிக் கசிவுக் கருவி, அதாவது காற்று எங்கே கசிகிறது என்று காதுக்கு எட்டாத ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி, வாங்கலாமா என்று கேட்டார். சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறையில் அப்பா ஒன்றரை வருடமாக அதைத்தான் பயன்படுத்துகிறார்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளுக்குக் காற்று பிரேக் பார்ப்பது அவர் வேலை. முப்பது வருட இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. பேச்சு ஓரளவு கேட்கும், காற்று கசியும் ‘உஸ்’ மட்டும் அறவே கேட்காது. இரைச்சலால் கெடும் காதில் முதலில் அடிபடுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. கசிவின் சத்தத்தில் காதுக்கு எட்டும் ‘உஸ்’ஸும் இப்படி உயர்ந்த சுருதிதான். அதனால் இணைப்புக்கு இணைப்பு சவர்க்கார நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். குலையைச் சீக்கிரம் ஆலையில் சேர்க்க வேண்டிய லாரிக்காரர் பக்கத்திலேயே நின்று மணி பார்ப்பார்.

கருவி, அதே கசிவிலிருந்து வரும், காதுக்கு எட்டாத 40,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைப் பிடிக்கிறது. எஞ்சின் உறுமல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பிடித்ததைக் காதுக்குக் கேட்கும் அளவுக்குக் கீழே இறக்கி ஹெட்போனில் தருகிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இறக்கித் தருவதும் அதே ‘உஸ்’! செவிக்கருவிக்கு மேல் ஹெட்போனை மாட்டினால் கீச்சென்று விசில் அடிக்கிறது. செவிக்கருவியைக் கழற்றினால் ஒன்றுமே இல்லை.

காப்பாற்றியது கருவியின் பின்பக்க விளக்கு வரிசை. அந்த மீயொலி அலையின் நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, அதனால் திசை தெளிவாகத் தெரியும். முனையைத் திருப்பத் திருப்ப விளக்கு ஏறி இறங்கும். முதல் நாளே ரிலே வால்வு பக்கம் மயிரிழை வெடிப்பு விட்ட குழாயைப் பிடித்துவிட்டு, “ஐயா, இங்க வந்து பாரு, முழுசா எரியுது!” என்று கூப்பிட்டார். அவர் அப்படிக் குரல் உயர்த்தி எத்தனை வருடம் ஆயிற்று!

ஆனால் சேசிஸுக்கு மேலே கையை விட்டால் விளக்கு கண்ணுக்குத் தெரியாது. கம்பியில் சின்னக் கண்ணாடி கட்டிக் கொடுத்திருக்கிறேன். கைப்பிடி அதிர்ந்தால் போதுமே! மலிவான கைத்தொலைபேசியில்கூட இருக்கும் அதிர்வு மோட்டார் இதில் ஏன் இல்லை? காதை மட்டுமே நினைத்துச் செய்த பொருள் இது. பக்கத்தில் அழுத்தக் காற்றைப் பீய்ச்சும் காற்றுத் துப்பாக்கி ஓடினாலும் விளக்கு மொத்தமும் எரியும், வேலையை நிறுத்தித்தான் தேட வேண்டும்.

கைத்தொலைபேசிச் செயலி போதாதா என்றும் நண்பர் கேட்டார். போதாது. பெரும்பாலான கைத்தொலைபேசிகள் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பதிவதில்லை.

இந்த மாடலை வாங்காதீர்கள் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். போன வாரம் ஸ்விட்ச் போய், பழுதுபார்க்க மூன்று நாளானது. மூன்று நாளும் அப்பா காலையில் எழுந்ததும் கேட்டது அதைத்தான்: “வந்துருச்சா?”